எலக்ட்ரான் அமைப்பும் ஆவர்த்தனப் பண்புகளும்: பதினொன்றாம் வகுப்புக்குப் புதிதாக வருபவர்களுக்கு ஒரு வழிகாட்டி

பத்தாம் வகுப்பு வரை 2, 8, 8, 1 என்று எழுதிப் பழகிய கை, பதினொன்றில் முதலில் தடுமாறும் இடம் இதுதான். திடீரென்று எஸ், பி, டி, எஃப் என்கிறார்கள். சாய்வாக அம்புக்குறி போட்ட ஒரு படத்தைக் காட்டி, இதன்படி நிரப்பு என்கிறார்கள். அடுத்த பாடத்தில் அணு ஆரம் குறையும், அயனியாக்கும் ஆற்றல் கூடும் என்று ஒரு பட்டியல். தமிழ்வழியில் படித்து இதில் திண்டாடியவன் நான். எதை முதலில் படிப்பது, எதை விடுவது என்று சொல்ல அப்போது ஆள் இல்லை. அதற்காகத்தான் இது.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தமிழ்நாட்டுப் பாடப்புத்தகத்தில் அணு அமைப்பு இரண்டாம் அலகு, தனிமங்களின் ஆவர்த்தன வகைப்பாடு மூன்றாம் அலகு. இரண்டு அலகாக அச்சிட்டிருந்தாலும் பாடம் ஒன்றுதான். முதலாவது புரியாமல் இரண்டாவதை மனப்பாடம் செய்தால் விதிவிலக்கு வரும் இடமெல்லாம் மாட்டிக்கொள்வீர்கள். கேள்வி கேட்பவர்களுக்கோ விதிவிலக்கு என்றால் கொள்ளைப் பிரியம்.

இந்தக் கட்டுரையில் 1எஸ்² என்று தமிழ் எழுத்தில் எழுதியிருக்கிறேன். விடைத்தாளில் வழக்கம்போல் சிறிய ஆங்கில எழுத்தில் எழுதுங்கள்.

1. தேவையானவற்றைச் சேர்த்துக்கொள்ளுங்கள்

பதினொன்றாம் வகுப்பு வேதியியல் முதல் புத்தகம் பாடநூல் கழகத்தின் இணையதளத்தில் பிடிஎஃப் ஆக இலவசமாகக் கிடைக்கிறது. நீட் எழுதும் எண்ணம் இருந்தால் என்சிஇஆர்டி புத்தகத்தின் அதே இரண்டு பாடங்களையும் இறக்கிக்கொள்ளுங்கள். அதுவும் இலவசம்.

அடுத்தது தனிம வரிசை அட்டவணை. தூய மற்றும் பயன்பாட்டு வேதியியலின் சர்வதேச ஒன்றியம் (ஐயுபிஏசி) வெளியிடும் அட்டவணையைப் பிடிஎஃப் ஆக எடுத்து ஜெராக்ஸ் கடையில் ஒரு பிரதி போடுங்கள். கூடவே எதுவும் எழுதாத வெற்றுக் கட்ட அட்டவணை நாலைந்து பிரதி. இதோடு செலவு முடிந்தது, ஒரு டீ வடைக் காசைத் தாண்டாது. வழவழப்பான வண்ணச் சுவர் அட்டவணை வேண்டாம். நீங்களே வண்ணம் தீட்டப்போகும் அட்டவணைதான் மனதில் நிற்கும்.

வீட்டில் அண்ணன், அக்கா வைத்திருந்த பழைய அட்டவணை இருந்தால் எடுக்கும் முன் இரண்டு விஷயம் பாருங்கள். தொகுதிகளுக்கு 1 முதல் 18 வரை எண் இருக்கிறதா? ரோமன் எண்ணோடு ஏ, பி என்று இருந்தால் அது பழைய முறை, வீண் குழப்பம். 118 தனிமங்களும் பெயரோடு இருக்கின்றனவா? 113, 115, 117, 118 ஆகிய நான்குக்கும் 2016-ல்தான் பெயர் வைத்தார்கள். அதற்கு முந்தைய அட்டவணையில் அவை தற்காலிகப் பெயரோடு இருக்கும், அல்லது இருக்கவே இருக்காது. அப்புறம், இட்ரியத்துக்குக் கீழே சில அட்டவணைகளில் லாந்தனமும் சிலவற்றில் லுட்டீசியமும் இருக்கும். அச்சுப்பிழை இல்லை, வேதியியலாளர்களிடையே உள்ள கருத்து வேறுபாடு. நம் பாடத்துக்கு அதனால் பாதகமில்லை.

2. மனப்பாடம் இவ்வளவு போதும்

முதல் 30 தனிமங்கள், அணு எண்ணோடு. அதற்கு மேல் 1, 2, 17, 18-ம் தொகுதிகளை மேலிருந்து கீழாக. அவ்வளவுதான். 118-யும் ஒப்பிப்பது வித்தை காட்ட உதவும், மதிப்பெண்ணுக்கு உதவாது. ஒரு வாரம், தினம் பத்து நிமிடம், வெற்றுக் கட்டத்தில் பார்க்காமல் நிரப்பிப் பாருங்கள்.

3. கூடு, துணைக்கூடு, ஆர்பிட்டால்: மூன்றையும் குழப்பாதீர்கள்

கூடு என்பது 1, 2, 3 என்ற எண். ஒவ்வொரு கூட்டுக்குள்ளும் துணைக்கூடுகள்: முதல் கூட்டில் எஸ் மட்டும், இரண்டாவதில் எஸ், பி, மூன்றாவதில் எஸ், பி, டி, நான்காவதில் எஃப்-உம் சேரும். துணைக்கூட்டுக்குள் ஆர்பிட்டால்கள்: எஸ்ஸில் 1, பி-யில் 3, டி-யில் 5, எஃப்-இல் 7. ஓர் ஆர்பிட்டாலில் அதிகபட்சம் இரண்டு எலக்ட்ரான். ஆகவே எஸ் 2, பி 6, டி 10, எஃப் 14. இந்த நான்கு எண்கள்தான் இனி எல்லாம்.

இங்கே ஒரு நியாயமான சந்தேகம் வரும். மூன்றாவது கூட்டில் 18 எலக்ட்ரான் கொள்ளும் என்று சூத்திரம் சொல்கிறது. அப்படியானால் 19 எலக்ட்ரான் உள்ள பொட்டாசியத்துக்கு 2, 8, 9 என்றுதானே வர வேண்டும்? ஏன் 2, 8, 8, 1? பத்தாம் வகுப்பில் இதைக் கேட்டவர்களுக்கு 'அது அப்படித்தான்' என்ற பதில் கிடைத்திருக்கும். காரணம் எளிது. மூன்றாவது கூட்டின் 8 இடங்கள் (3எஸ், 3பி) நிரம்பிய பிறகு மிச்சம் இருப்பது 3டி. பொட்டாசியத்தில் அதைவிட 4எஸ் ஆற்றலில் கீழே இருக்கிறது. எலக்ட்ரான் ஆற்றல் குறைந்த இடத்துக்குத்தான் போகும். இந்த ஒரு வரி புரிந்துவிட்டால் ஆஃபா தத்துவம் (ஆற்றல் குறைந்த இடத்தில் தொடங்கி எலக்ட்ரானை நிரப்பும் விதி) முக்கால்வாசி புரிந்த மாதிரி.

4. அம்புக்குறிப் படத்தை விடுங்கள், அட்டவணையைப் பார்த்தே நிரப்புங்கள்

சாய்வு அம்புக்குறிப் படம் தப்பில்லை. ஆனால் பதற்றத்தில் ஒரு கோடு தவறினால் மொத்தமும் போச்சு. உங்கள் கையில் இருக்கும் தனிம அட்டவணையே நிரப்பும் வரிசைதான்.

வெற்று அட்டவணையை எடுத்து நான்கு நிறத்தில் தீட்டுங்கள். இடது ஓரம் இரண்டு பத்தி எஸ் தொகுப்பு. வலது ஓரம் ஆறு பத்தி பி தொகுப்பு. நடுவில் பத்துப் பத்தி டி தொகுப்பு. கீழே தனியாகக் கிடக்கும் இரண்டு வரிகள் எஃப் தொகுப்பு. 2, 6, 10, 14: மேலே பார்த்த அதே எண்கள். ஹீலியம் மட்டும் வலது ஓரத்தில் இருந்தாலும் எஸ் நிறம்.

இப்போது எண் போடுங்கள். எஸ், பி இரண்டுக்கும் வரிசை எண்ணே கூட்டின் எண். டி-க்கு வரிசை எண்ணில் ஒன்று குறையும். எஃப்-க்கு இரண்டு குறையும். நான்காம் வரிசையை இடமிருந்து வலமாகப் படித்தால் 4எஸ், 3டி, 4பி. ஆறாம் வரிசை 6எஸ், 4எஃப், 5டி, 6பி.

புரோமினை எடுத்துப் பார்ப்போம். அணு எண் 35, நான்காம் வரிசை, 17-ம் தொகுதி. விரலை ஹைட்ரஜன் மேல் வைத்து வரிசை வரிசையாக நகர்த்துங்கள். முதல் வரிசை முழுக்க: 1எஸ்². இரண்டாவது முழுக்க: 2எஸ்² 2பி⁶. மூன்றாவது முழுக்க: 3எஸ்² 3பி⁶. நான்காவதில் எஸ் முழுக்க, டி முழுக்க, பி-யில் ஐந்தாவது கட்டத்தில் விரல் நிற்கிறது: 4எஸ்² 3டி¹⁰ 4பி⁵. மேலே உள்ள எண்களைக் கூட்டுங்கள்: 2, 4, 10, 12, 18, 20, 30, 35. சரி.

இந்தக் கூட்டல் சரிபார்ப்பை ஒருபோதும் விடாதீர்கள். பத்து விநாடி வேலை.

சுருக்கி எழுதச் சொன்னால், முந்தைய மந்த வாயுவை அடைப்புக்குறிக்குள் போட்டு மிச்சத்தை எழுதுங்கள். புரோமினுக்கு அது ஆர்கான், 18. இறுதியாக எழுதும்போது 3டி-யை 4எஸ்ஸுக்கு முன்னால் வைப்பது நல்ல பழக்கம். ஏன் என்பது 6-ம் படியில் தெரியும்.

5. கட்டம் போட்டு அம்பு வரைதல்

ஓர் ஆர்பிட்டாலுக்கு ஒரு கட்டம், ஓர் எலக்ட்ரானுக்கு ஓர் அம்பு. இரண்டு விதிகள். பௌலி: ஒரு கட்டத்தில் இரண்டு எலக்ட்ரான் இருந்தால் ஒன்று மேல்நோக்கி, மற்றது கீழ்நோக்கி. ஹுண்ட்: ஒரே துணைக்கூட்டில் எல்லாக் கட்டத்துக்கும் ஒவ்வொன்று கிடைத்த பிறகே ஜோடி சேரும். நைட்ரஜனின் 2பி³-க்கு மூன்று கட்டத்திலும் ஒவ்வோர் அம்பு, எல்லாம் ஒரே திசை. ஆக்சிஜனின் 2பி⁴-இல் முதல் கட்டத்தில் ஜோடி, மற்ற இரண்டில் ஒவ்வொன்று.

காலியாக இருக்கும் கட்டத்தையும் வரைய வேண்டும். கார்பனுக்கு 2பி-யில் இரண்டு எலக்ட்ரான்தான் என்று இரண்டு கட்டம் மட்டும் வரைந்தால் மதிப்பெண் போகும்.

குரோமியமும் (24) தாமிரமும் (29) விதிக்கு அடங்காதவை. குரோமியம் 3டி⁵ 4எஸ்¹, தாமிரம் 3டி¹⁰ 4எஸ்¹. பாதி நிரம்பிய டி, முழுதும் நிரம்பிய டி இரண்டுக்கும் நிலைத்தன்மை அதிகம் என்பது பாடப்புத்தகக் காரணம். தேர்வுக்கு அது போதும். ஆனால் இதையே விதியாக்கிக் கீழே உள்ள எல்லாத் தனிமத்துக்கும் பொருத்தாதீர்கள். குரோமியத்துக்குக் கீழே உள்ள மாலிப்டினம் அப்படி நடக்கும். அதற்கும் கீழே உள்ள டங்ஸ்டன் 5டி⁴ 6எஸ்² என்று சமர்த்தாக இருக்கும். பல்லேடியம் இன்னும் ஒரு படி மேல், 5எஸ்ஸில் ஒன்றுகூட இல்லாமல் 4டி¹⁰.

6. அயனிகள்: அதிகம் பேர் விழும் பள்ளம்

எதிர் அயனி சுலபம். எலக்ட்ரானைச் சேர்த்து எழுதிவிடலாம். நேர் அயனியில்தான் சிக்கல். கடைசியாக நிரப்பியதையே முதலில் எடுக்க வேண்டும் என்று மனம் சொல்லும். கேட்காதீர்கள். கூட்டு எண் எது பெரிதோ அங்கிருந்துதான் முதலில் எடுக்க வேண்டும்.

இரும்பு: அணு எண் 26, அமைப்பு 3டி⁶ 4எஸ்². இரண்டு நேர்மின்சுமை உள்ள அயனியில் போவது 4எஸ்ஸின் இரண்டும். மிச்சம் 3டி⁶. மூன்று நேர்மின்சுமை என்றால் டி-யில் இருந்து இன்னொன்று போய் 3டி⁵. இரண்டு நேர்மின்சுமை உள்ள அயனிக்கு 3டி⁴ 4எஸ்² என்று எழுதியவர்கள் ஏராளம். 3டி-யை முன்னால், 4எஸ்ஸைக் கடைசியில் எழுதும் பழக்கம் இருந்தால், வலது ஓரத்தில் இருந்து எடுத்தாலே விடை சரியாக வந்துவிடும்.

7. அமைப்பைக் கொடுத்து இடத்தைக் கேட்டால்

வரிசை எண்: அமைப்பில் உள்ள மிகப் பெரிய கூட்டு எண். தொகுதி எண்: கடைசி எலக்ட்ரான் எஸ்ஸில் என்றால் அங்கே உள்ள எண்ணிக்கை, பி-யில் என்றால் வெளிக்கூட்டின் எஸ், பி இரண்டையும் கூட்டி அதோடு 10, டி-யில் என்றால் டி-யையும் வெளி எஸ்ஸையும் கூட்டினால் போதும். 3எஸ்² 3பி⁴ என்றால் 2+4+10, அதாவது 16-ம் தொகுதி, மூன்றாம் வரிசை: கந்தகம். 3டி⁵ 4எஸ்² என்றால் 7-ம் தொகுதி, நான்காம் வரிசை: மாங்கனீஸ். ஹீலியத்துக்கு இந்தக் கணக்கு ஒத்துவராது. 1எஸ்² என்று இருந்தாலும் 18-ம் தொகுதி.

8. போக்குகளைப் படிக்கும் முன் இரண்டு கேள்விகள்

நான்கு மூலைக்கும் அம்புக்குறி போட்ட 'ஷார்ட்கட்' தாள்கள் கைக்குக் கை மாறிக்கொண்டே இருக்கும். அவற்றில் எது கூடும், எது குறையும் என்று இருக்கும். ஏன் என்று இருக்காது. அதற்குப் பதில் எந்தத் தனிமத்தைப் பார்த்தாலும் இரண்டு கேள்வி கேளுங்கள். வெளி எலக்ட்ரான் எத்தனையாவது கூட்டில் இருக்கிறது? அதன் மேல் அணுக்கருவின் இழுப்பு உண்மையில் எவ்வளவு?

'உண்மையில்' என்று ஏன் சொல்கிறேன் என்றால், நடுவில் இருக்கும் எலக்ட்ரான்கள் அணுக்கருவை மறைக்கின்றன. தேர் பார்க்கப் போனால் முன்னால் நிற்பவர்தான் மறைப்பார், பக்கத்தில் நிற்பவர் அவ்வளவாக மறைக்க மாட்டார். இங்கேயும் அதே கதைதான். உள்கூட்டு எலக்ட்ரான் நன்றாக மறைக்கும், அதே கூட்டில் இருப்பது கொஞ்சம்தான் மறைக்கும். இந்த மறைப்பைக் கழித்தபின் மிஞ்சுவதுதான் செயலுறு அணுக்கரு மின்சுமை.

இதை எண்ணில் காட்ட ஸ்லேட்டர் விதி உதவும். வெளிக்கூட்டின் எஸ், பி எலக்ட்ரான் ஒன்றுக்குக் கணக்குப் போடும்போது, அதே கூட்டின் மற்ற எலக்ட்ரான் ஒவ்வொன்றுக்கும் 0.35, அதற்கு அடுத்த உள்கூட்டில் ஒவ்வொன்றுக்கும் 0.85, இன்னும் உள்ளே இருப்பவைக்கு 1 வீதம் கழிக்க வேண்டும்.

சோடியம் (2, 8, 1): 11-இல் இருந்து 8×0.85, 2×1 இரண்டையும் கழித்தால் 2.2.
குளோரின் (2, 8, 7): 17-இல் இருந்து 6×0.35, 8×0.85, 2×1 கழித்தால் 6.1.
பொட்டாசியம் (2, 8, 8, 1): 19-இல் இருந்து 8×0.85, 10×1 கழித்தால் 2.2.

இந்த மூன்று வரியையும் நோட்டில் ஒருமுறை நீங்களே போட்டுப் பாருங்கள். ஒரே வரிசையில் சோடியத்தில் இருந்து குளோரினுக்குப் போகும்போது கூடு மாறவில்லை, இழுப்பு 2.2-இல் இருந்து 6.1-க்கு ஏறிவிட்டது. ஒரே தொகுதியில் சோடியத்தில் இருந்து பொட்டாசியத்துக்கு இறங்கும்போது இழுப்பு அதே 2.2, ஆனால் ஒரு கூடு கூடிவிட்டது. வரிசையில் நகர்ந்தால் இழுப்பு, தொகுதியில் இறங்கினால் கூடு. இனி வரும் எல்லாப் பண்புக்கும் இதுவே காரணம், விடைத்தாளிலும் இதைத்தான் காரணமாக எழுத வேண்டும்.

9. ஒவ்வொரு பண்பாக

அணு ஆரம். மூன்றாம் வரிசையில் சோடியம் 186 பிக்கோமீட்டர், மெக்னீசியம் 160, அலுமினியம் 143, சிலிக்கான் 117, குளோரின் 99. எலக்ட்ரான் கூடக்கூட அணு சுருங்குகிறது. முதல் தொகுதியில் லித்தியம் 152, சோடியம் 186, பொட்டாசியம் 231. இறங்க இறங்கப் பெரிதாகிறது.

இங்கே இரண்டு பொறிகள். ஒன்று, காலியம். அலுமினியத்துக்குக் கீழே இருந்தும் அதன் ஆரம் 135, அலுமினியத்தைவிடச் சிறியது. இடையில் புகுந்த பத்து 3டி எலக்ட்ரான்கள் சரியாக மறைப்பதில்லை, இழுப்பு கூடிவிடுகிறது. இரண்டு, மந்த வாயுக்கள். குளோரினுக்கு 99 போட்டுவிட்டு ஆர்கானுக்கு 188 என்று கொடுத்திருப்பார்கள். திடீரென்று எப்படிப் பெருத்தது? பெருக்கவில்லை. ஆர்கானுக்குக் கொடுத்திருப்பது வான்டர்வால்ஸ் ஆரம் (பிணையாமல் நெருங்கி நிற்கும் இரண்டு அணுக்களின் இடைத்தூரத்தில் பாதி), குளோரினுக்கு அது சகப்பிணைப்பு ஆரம் (பிணைந்த இரண்டு அணுக்களின் இடைத்தூரத்தில் பாதி). குளோரினின் வான்டர்வால்ஸ் ஆரம் 175. இரண்டு வகையையும் கலந்து ஒப்பிடக் கூடாது.

ஒத்த எலக்ட்ரான் எண்ணிக்கை உள்ள அயனிகளை ஏறுவரிசையில் எழுதச் சொல்வது ஆண்டுதோறும் வரும் கேள்வி வகை. ஆக்சைடு, ஃப்ளூரைடு, சோடியம், மெக்னீசியம், அலுமினியம் அயனிகள் ஐந்திலும் 10 எலக்ட்ரான்தான். அணுக்கருவில் புரோட்டான் கூடக்கூட அயனி சிறிதாகும்: 140, 133, 102, 72, 53.5 பிக்கோமீட்டர். அணு எண்ணை எழுதித் தலைகீழாக்கினால் விடை.

அயனியாக்கும் ஆற்றல். அணுவில் இருந்து ஓர் எலக்ட்ரானைப் பிடுங்கத் தேவையான ஆற்றல். இதில் கொஞ்சம் நிதானியுங்கள், அதிகக் கேள்வி இங்கேதான். இரண்டாம் வரிசையின் எண்களைப் பாருங்கள், மோலுக்குக் கிலோஜூலில்: லித்தியம் 520, பெரிலியம் 899, போரான் 801, கார்பன் 1086, நைட்ரஜன் 1402, ஆக்சிஜன் 1314, ஃப்ளூரின் 1681, நியான் 2080. ஏறிக்கொண்டே போவது இரண்டு இடத்தில் சறுக்குகிறது. போரானில் சறுக்குவது, வெளியேறும் எலக்ட்ரான் 2எஸ்ஸில் இல்லாமல் ஆற்றல் கூடிய 2பி-யில் இருப்பதால். ஆக்சிஜனில் சறுக்குவது, 2பி-யில் முதல் ஜோடி சேர்ந்து ஒன்றையொன்று தள்ளுவதால். 5-ம் படியில் கட்டம் போட்டது இதற்குத்தான். மூன்றாம் வரிசையிலும் அதே இரண்டு இடம்: மெக்னீசியம் 738, அலுமினியம் 577, பாஸ்பரஸ் 1012, கந்தகம் 1000. ஏறுவரிசை கேட்டால் இந்த நான்கு ஜோடியில் ஒன்று நிச்சயம் உள்ளே இருக்கும்.

அடுத்தடுத்த அயனியாக்கும் ஆற்றல்களைக் கொடுத்துத் தொகுதி எது என்று கேட்பார்கள். 577, 1817, 2745, 11577 என்று கொடுத்தால் பெரிய தாவல் மூன்றாவதுக்கும் நான்காவதுக்கும் இடையில். மூன்று எலக்ட்ரான் சுலபமாகப் போய் நான்காவது உள்கூட்டில் இருந்து பிடுங்கப்படுகிறது. எனவே 13-ம் தொகுதி, இது அலுமினியம். சோடியத்துக்கு முதல் தாவலே பெரியது: 496, அடுத்து 4562.

அலகைக் கவனியுங்கள். சில கேள்விகளில் எலக்ட்ரான் வோல்ட்டில் கொடுப்பார்கள். 1 எலக்ட்ரான் வோல்ட் என்பது மோலுக்கு ஏறக்குறைய 96.5 கிலோஜூல். ஹைட்ரஜனின் 13.6-உம் 1312-உம் ஒன்றுதான்.

எலக்ட்ரான் நாட்டம். அணு ஓர் எலக்ட்ரானை ஏற்கும்போது வெளியாகும் ஆற்றல். பொதுப்போக்கு அயனியாக்கும் ஆற்றல் மாதிரிதான். தெரிந்துகொள்ள வேண்டிய விதிவிலக்கு ஒன்று: ஃப்ளூரின் 328, குளோரின் 349. ஃப்ளூரின் அணு மிகச் சிறியது, புதிதாக வரும் எலக்ட்ரானுக்கு அங்கே நெரிசல். குறியும் குழப்பும். எலக்ட்ரான் நாட்டம் என்றால் நேர்க்குறியோடும், எலக்ட்ரான் ஏற்பு என்தால்பி என்றால் எதிர்க்குறியோடும் இருக்கும். எந்தச் சொல்லைக் கேள்வியில் போட்டிருக்கிறார்கள் என்று பார்த்துவிட்டு எழுதுங்கள்.

எலக்ட்ரான் கவர்தன்மை. பிணைப்பில் உள்ள எலக்ட்ரான்களை அணு தன் பக்கம் இழுக்கும் திறன். இதற்கு அலகு கிடையாது. பிணைப்பில் இருக்கும்போது மட்டுமே பொருள் உள்ள அளவு. பௌலிங் அளவீட்டில் ஃப்ளூரின் 3.98, ஆக்சிஜன் 3.44, குளோரின் 3.16, நைட்ரஜன் 3.04, சோடியம் 0.93. மேலே ஃப்ளூரின் பின்தங்கியது, இங்கே அதுவே முதல். இரண்டையும் ஒன்றென்று நினைப்பவர்களைப் பிடிக்கவே ஒரு கேள்வி வைப்பார்கள்.

10. நேரக் கணக்கு

தினம் முக்கால் மணி நேரம் என்றால் மூன்று வாரம் போதும். முதல் வாரம் 30 தனிமங்களும் வண்ணம் தீட்டுவதும். இரண்டாம் வாரம் முழுக்க அமைப்பு எழுதுவது, தினம் ஐந்து தனிமம், இரண்டு அயனி. மூன்றாம் வாரம்தான் போக்குகள். அவசரத்தில் மூன்றாவதை முதலில் தொடாதீர்கள். காரணம் எழுதும் விடைகளுக்கு ஒவ்வொன்றுக்கும் மூன்று வரி: எலக்ட்ரான் அமைப்பு, கூடு அல்லது இழுப்பில் எது மாறுகிறது, அதனால் விளைவு என்ன. நாலாவது வரி தேவைப்படாது.

இரண்டாம் புத்தகத்தின் 10-ம் அலகு வேதிப்பிணைப்பு. வகுப்பில் அது தொடங்குவதற்கு முந்தைய வாரம் ஒரு வெற்று அட்டவணையை எடுத்து மறுபடி நிரப்பிப் பாருங்கள். ஆக்சிஜனுக்குக் கட்டம் போடும்போது கை தயங்கினால் 5-ம் படியை மட்டும் ஒருமுறை திருப்பிவிட்டு உள்ளே போங்கள்.